போதும் என்றால் யார் கேட்கிறார்கள்?

எங்கள் ராமநாதபுரம் சீமையில் 'போதும்' என்ற சொல்லுக்கு வேலை குறைவு. 'போதாது'வுக்குத்தான் ஓய்வே கிடையாது. அரசு ஊழியரைத் தூக்கியடிக்கும் 'தண்ணியில்லாக் காடு' நாங்கள்தான் என்பது சினிமா வரைக்கும் பிரசித்தம். வைகை, வழியிலுள்ள ஊர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, மிச்சமிருந்தால் எங்கள் பெரிய கண்மாயை எட்டிப் பார்க்கும். மழையைப் பார்த்து 'போதும்' என்ற சம்சாரி எவரையும் நான் கண்டதில்லை.

கடற்கரையிலும் இதே கதைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. தடை முடிந்து கடலுக்குப் போய்த் திரும்பியவரிடம் பாடு எப்படி என்று கேளுங்கள். "டீசலுக்கே காணாது" என்பார்.

இந்தக் 'காணாது' எங்கள் பக்கத்துச் சரக்கு. காணும் என்றால் போதும். யாழ்ப்பாணத்திலும் அப்படியே சொல்வார்கள். 1964 புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியதே, சொல் எந்தக் கரையில் டிக்கெட் எடுத்தது என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. சென்னை நண்பர் ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். "ரசம் காணுமா தம்பி?" என்றார் அம்மா. அவர் பதறிப்போய் அக்கம்பக்கம் தேடி, "இங்கதாம்மா இருக்கு" என்று பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். அம்மா ஊற்றினார். பிறகு அவர் இரு கையாலும் இலையை மறைத்துக்கொண்டு "போதும்" என்று கெஞ்சினார். எங்கள் வீட்டு அகராதியில் அதற்கு 'இன்னும் இரண்டு கரண்டி' என்று பொருள்.

அச்சிட்ட அகராதியில் 'போது' என்றால் பொழுது, மலரப்போகும் அரும்பு. வினையாக வந்தால்தான் வயிறு நிறைகிறது. இதற்கு மூத்தது 'சாலும்'. அந்தச் 'சால்' அடியில் பிறந்தவர்கள்தான் சான்றோர். தெலுங்கர்கள் இன்றும் சாப்பாட்டில் 'சாலு' என்கிறார்கள். நாம் அதைப் புலவர்களிடம் கொடுத்துவிட்டு, 'பற்றாது' என்பதைப் 'பத்தாது' ஆக்கி ரேஷன் கடைக்கு எடுத்துப் போனோம். அதுவே வேட்டி மாற்றிக்கொண்டு பட்ஜெட் உரையில் 'பற்றாக்குறை' என்று வரும். எனக்குப் பிடித்தது 'போதாக்குறைக்கு'. வீட்டில் ஏற்கெனவே நான்கு விருந்தாளிகள், போதாக்குறைக்கு மாமனாரும் வந்தார் என்கிறோம். எது போதாமல் இருந்ததாம்?

இங்கே போதும்பொண்ணு என்று பெயருள்ள பாட்டிகள் உண்டு. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில், சாமிக்கு மனுப் போடுவதாக நினைத்துப் பிள்ளைக்கு வைத்த பெயர். மனுவைச் சாமி பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. போதும்பொண்ணுக்குத் தங்கச்சிகள் இருக்கிறார்கள். பெற்றவர்களின் அலுப்பை வாக்காளர் பட்டியல் வரைக்கும் சுமப்பவள் மட்டும் அவள். இதில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ராமேஸ்வரம் கோயிலுக்குள்ளோ 22 தீர்த்தங்கள். தண்ணியில்லாக் காட்டின் நுனியில் இப்படி ஓர் ஊதாரித்தனம்! கிணற்றிலிருந்து வாளியில் இறைத்துத் தலையில் கொட்டுகிறார்கள். மார்கழிக் காலையில் வடக்கத்திப் பெரியவர் ஒருவர் பல் கிடுகிடுக்க, "பஸ், பஸ்!" என்று அலறினார். பாரசீகத்திலிருந்து இந்திக்கு வந்த 'போதும்' அது. ஊற்றியவருக்கு அவரளவுக்கே இந்தி தெரியும். ஆனாலும், "பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம் சாமி, இங்கே இன்னும் ஆறு தீர்த்தம் பாக்கி" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வாளியைக் கவிழ்த்தார்.