எந்த நாட்டுச் சாமான்?

கேள்வி: இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தம்பி, என் கணவருக்கு ஒரு சட்டையைப் பரிசாகக் கொண்டுவந்தான். கழுத்துப்பட்டியின் உள்ளே பார்த்தால், இலங்கையில் தயாரிக்கப்பட்டதென்று எழுதியிருக்கிறது. அவனிடம் சொல்வதா, விடுவதா?
– ஒரு குடும்பத் தலைவி, வெள்ளவத்தை

பதில்: சந்தோஷமாகச் சொல்லுங்கள் அம்மா. தம்பியின் அன்புக்கு அதனால் ஒரு குறைவும் வராது. நாட்டுக்கு ஒரு மரியாதை கூடும். 1978ஆம் ஆண்டில் கட்டுநாயக்காவிலே சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது முதலாக, ஊரையும் உறவையும் விட்டு வந்து, விடுதி அறைகளிலே நெருக்கியடித்து வசித்துக்கொண்டு, நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்களின் கைத்திறனையே மேல்நாட்டு வியாபார ஸ்தாபனங்கள் தங்கள் பெயரைப் பொறித்து விற்கின்றன. அந்தச் சட்டையை உட்புறமாகத் திருப்பி, அக்குளிலிருந்து இடுப்புவரை ஓடும் தையலை விரலால் தடவிப் பாருங்கள்: வெட்டிய விளிம்பு வெளியே தெரியாதபடி மடித்துத் தைத்திருப்பார்கள், பொத்தான் துவாரத்தின் ஓரத்திலே ஒரு நூலிழைகூடப் பிசிறி நிற்காது.

அப்படியானால் நாம் வாங்குகிற உள்ளூர்ச் சட்டை மாத்திரம் நாலு தோய்ப்புக்குள் சாயம் போவானேன் என்று அடுத்தபடியாகக் கேட்பீர்கள். நாடும் ஒன்றே, கையும் ஒன்றே. ஆயினும் இலண்டனுக்குப் போகிற சட்டையை அளந்தும் இழுத்தும் தோய்த்தும் பார்த்து, பிசகு கண்டால் தயவுதாட்சண்யமின்றித் திருப்பியனுப்புகிற பரிசோதகர் ஒருவர் இருக்கிறார். நமக்கு விற்கிற சட்டைக்கு அப்படி ஒருவர் பெரும்பாலும் இருப்பதில்லை. நாட்டின் பெயரிலே நாம் வைக்கிற நம்பிக்கையெல்லாம், அந்த முகம் தெரியாத பரிசோதகரின் மேல் வைக்கிற நம்பிக்கைதான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கேள்வி: என் சிறுபிராயத்தில் ‘யப்பான் சாமான்’ என்றால் ஏச்சு. இன்று என் மகன் யப்பான் ரீகண்டிஷன் காரைத் தவிர வேறொன்றையும் ஏறிட்டுப் பார்க்கிறானில்லை. இது எப்படித் தலைகீழாயிற்று?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, யப்பானுக்கு முன்னரே ஜேர்மனி அந்த ஏச்சை வாங்கியிருக்கிறது. 1876இல் பிலடெல்பியாக் கண்காட்சிக்கு நடுவராகச் சென்ற பிரான்ஸ் றொய்லோ என்னும் ஜேர்மன் பேராசிரியர், தம் நாட்டுப் பொருள்கள் மலிவும் மட்டமுமானவை என்று பகிரங்கமாக எழுதித் தம் நாட்டாரின் கோபத்துக்கு ஆளானார். 1887இல் பிரித்தானிய அரசாங்கம், ஷெபீல்ட் நகரத்துக் கத்திகளைப் போலவே செய்து வந்து இறங்கிய அந்நியச் சரக்கைச் சனங்கள் இனங்கண்டு ஒதுக்கட்டும் என்ற நோக்கத்தோடு, பிரித்தானியப் பொருளென்று மயங்கத்தக்க பொருள்களிலே அவை பிறந்த நாட்டின் பெயரைப் பொறிக்கவேண்டுமெனச் சட்டம் இயற்றிற்று. ஒதுக்குவதற்கென்று இட்ட அந்தக் குறியையே ஒரு தலைமுறை செல்வதற்குள் சனங்கள் தேடித்தேடி வாங்கலானார்கள்; றொய்லோவின் கசப்பான வார்த்தையை ஏச்சாக எடுக்காமல் வைத்தியமாக எடுத்துக்கொண்ட ஒரு நாட்டுக்குக் கிடைத்த பலன் அது.

யப்பானின் கதையும் அத்தகையதே. யுத்தத்தில் தோற்று, நகரங்கள் சாம்பலாகிக் கிடந்த நிலையில், 1950இல் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியல் அறிஞரை அந்நாட்டு விஞ்ஞானிகளும் பொறியியலாளர்களும் அழைத்துப் பாடம் கேட்டார்கள். பிழைபட்ட பொருளைக் கடைசியிலே பொறுக்கி எறிவதைக் காட்டிலும், பிழை பிறக்கிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே திருத்துவது மேல் என்பதே அவர் போதித்ததன் சாரம். அடுத்த ஆண்டே அவர் பெயரால் ஒரு பரிசையும் ஏற்படுத்தினார்கள். வாசலிலே நின்ற பரிசோதகர் அன்றுமுதல் தொழிலாளியின் கைக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டார்.

உங்கள் மகனுக்கும் ஒரு வார்த்தை. யப்பானிலே புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதன் செலவைத் தவிர்க்கவே பலர் நல்ல நிலையிலுள்ள வாகனத்தையும் விற்றுவிடுகிறார்கள். அவர்களும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிறவர்களாதலால், அது நமக்கு வசதியாக வாய்த்தது. ஆனால் அந்த நாட்டின் கீர்த்தி, இடையிலே ஓடிய மைல்களைக் குறைத்துக் காட்டுகிற கையைத் தடுக்காது. அந்தக் கார் ஏலத்தில் விற்கப்பட்டபோது எழுதிய தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு பணத்தை எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: பார்கோட்டின் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தால் எந்த நாட்டுச் சாமான் என்று தெரிந்துவிடுமாமே?
– பாடசாலை மாணவன், வெள்ளவத்தை

பதில்: தெரியாது தம்பி. 479 என்றால் இலங்கையிலும் 890 என்றால் இந்தியாவிலும் அந்தக் கம்பனி தன் இலக்கத்தைப் பதிந்திருக்கிறது என்பதே பொருள். சாமான் வேறெங்கோ செய்யப்பட்டிருக்கலாம். எழுத்தை வாசி, கோடுகளை இயந்திரம் வாசித்துக்கொள்ளும்.

கேள்வி: ‘சிங்கப்பூர்ச் சாமான்’ என்று சொன்னால்தான் வாடிக்கையாளர் வாங்குகிறார்கள். அப்படிச் சொல்லலாமா?
– சிறு வியாபாரி, கொட்டாஞ்சேனை

பதில்: தாராளமாகச் சொல்லலாம், அது சிங்கப்பூரிலே செய்யப்பட்டிருந்தால். இல்லையேல் வாடிக்கையாளரை மருட்டிய குற்றத்துக்கு 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் இருக்கிறது. அதைவிடக் கடுமையான தண்டனை, அடுத்த தடவை அவர் உங்கள் கடை வாசலைத் தாண்டிப் போவது.

கேள்வி: 1972இல் நாட்டின் பெயரே மாறிவிட்டது. தேயிலை மட்டும் ஏன் இன்னும் ‘சிலோன் டீ’?
– ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: சம்பாதித்த பெயரை யார்தான் கைவிடுவார்கள்? 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டது தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகத்தின் நாவிலே பதிந்த பெயர் அது. 1976இல் அமைந்த தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையைப் பெற, தேயிலை முழுவதும் இந்த மண்ணில் விளைந்ததாக இருக்கவேண்டும், இங்கேயே பொதிசெய்யப்படவேண்டும், தரப்பரீட்சையிலும் தேறவேண்டும். நாட்டின் பெயரைக் காக்கிற முறை அதுவே.

ஆனால் அந்தக் கீர்த்தியைத் தங்கள் விரல் நுனிகளால் ஈட்டியவர்கள் எவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் ரீச்சர். தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்டு, குளிரிலும் அட்டைக்கடியிலும் மலைகளைத் தோட்டமாக்கிய மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. எஞ்சி நின்ற நாடற்றவர்களுக்கு வழி பிறந்தது 2003இல்தான். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கொழுந்துக்கு ஒரு நாடு இருந்தது. அதைக் கிள்ளிய பலருக்கு இருக்கவில்லை. உலகம் நம்பி வாங்கிய அந்தப் பெயரிலே அவர்களுக்குச் சேரவேண்டிய பங்கு இன்னமும் முழுதாகச் சேரவில்லை என்பதை வேதனையோடு எழுதுகிறேன்.

கேள்வி: கடையில் தருவது நம் நாட்டுக் கறுவாவா, பிறநாட்டுக் காசியாவா என்று எப்படி அறிவது?
– சமையற்காரர், கொட்டாஞ்சேனை

பதில்: ஒரு துண்டைக் கையிலெடுத்து அதன் முனையைப் பாருங்கள். நம் கறுவாவிலே மெல்லிய பட்டைகள் ஒன்றினுள் ஒன்றாகப் பல சுருளாக அடங்கியிருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும், நிறமும் வெளிறியிருக்கும். காசியா தடித்த ஒற்றைப் பட்டை, கறுத்துச் சிவந்திருக்கும், ஒடிக்கப் பலம் வேண்டும். மிகுந்தால் ஈரலுக்கு ஆகாத கூமரின் என்னும் பதார்த்தம் காசியாவில் அதிகம், நமதில் மிகச் சொற்பம். சிலோன் கறுவாவின் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு அளித்திருக்கிறது.

கேள்வி: பாமசியிலே ‘இந்தியன் மருந்து போதுமா?’ என்று கேட்கிறார்கள். மேல்நாட்டு மருந்தின் விலையோ மலைக்கவைக்கிறது. எதை வாங்குவது?
– நீரிழிவு நோயாளி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் வைத்தியரைக் கேட்காமல் எதையும் மாற்றவேண்டாம், அது முதலாவது. இரண்டாவது, இந்தியா என்ற ஒரே பெயருக்குள் எத்தனை விதமான கைகள் இருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். எயிட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்தை ஒரு நாளைக்கு ஒரு டொலருக்கும் குறைவாகத் தர 2001இல் முன்வந்து, ஆபிரிக்க நாடுகளிலே உயிர்காக்கும் வழியைத் திறந்தது சிப்லா என்னும் இந்தியக் கம்பனி. காம்பியாவிலே குழந்தைகள் இறந்தபோது, நச்சு கலந்ததென்று 2022இல் உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்த இருமல் பாணியும் இந்தியாவிலே செய்யப்பட்டதுதான். நாட்டின் பெயரை மாத்திரம் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றே.

நம்மிடையே பேராசிரியர் சேனக பிபிலே என்று ஒரு பெருமகன் இருந்தார். வியாபாரப் பெயருக்கு விலை கொடுக்காமல் மருந்தின் சொந்தப் பெயரால் எழுதி, நல்ல மருந்தை மலிவாக ஏழைக்கும் எட்டச்செய்யலாம் என்று வாதாடி, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி நடத்தினார். மலிவான மருந்தை மக்கள் அச்சமின்றி விழுங்கவேண்டுமானால், அதைச் சோதிக்கிற கூடம் ஓயாது விழித்திருக்கவேண்டும். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மருந்து ஒழுங்குமுறை அதிகார சபையிடம் நாம் கேட்கவேண்டியது அந்த விழிப்பைத்தான். பணமுள்ளவர் பயத்துக்கு மேல்நாட்டு விலை கொடுத்துத் தப்பிவிடலாம். மற்றவருக்கு அரசாங்கப் பரிசோதகரே கதி.

கேள்வி: வெளிநாட்டுச் சாமானைத் தொடுவதில்லை என்று சபதம் எடுக்கலாமா?
– இளைஞர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: 1970 முதல் 1977 வரை, இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதன்மூலம் அரசாங்கமே நாட்டுக்காக அந்தச் சபதத்தை எடுத்திருந்தது. அக்காலத்திலே யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் லொறி லொறியாகக் கொழும்புக்கு வந்தன. தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், மலிவான இறக்குமதி வந்து இறங்க, அந்த விலைகள் சரிந்தன. வெங்காயத்தின் காரம் குறையவில்லை. கதவு மூடியிருந்த காரணத்தால் வாங்கியவர்கள் கதவு திறந்ததும் வேறுபக்கம் போனார்கள், அவ்வளவே. ஆதலால் சபதம் வேண்டாம், சிரத்தை போதும். இரண்டு பொருள்கள் தரத்தில் சமமாயிருக்கும்போது நம்மவர் செய்ததை எடுங்கள். அது மட்டமாயிருந்தால், நம்மவர் என்பதற்காகப் பொறுத்துக்கொள்ளாமல் கடைக்காரரிடம் நேரே சொல்லுங்கள். எஸ்.எல்.எஸ். முத்திரை உண்டா என்று பாருங்கள். 1964இல் அமைந்த நமது கட்டளைகள் நிறுவனம் சோதித்துத் தருகிற முத்திரை அது. பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். ஏமாற்றப்பட்டால் 1977ஐ அழையுங்கள். இம்முறை நான் சொல்வது ஆண்டையல்ல, நுகர்வோர் அதிகார சபையின் தொலைபேசி இலக்கத்தை.