பெயர் சூட்டும் மகாசபையாருக்கு ஒரு விண்ணப்பம்

மின்னணுச் சாதனங்களுக்குத் தரம் வகுத்து, பெயர் சூட்டி, சூட்டிய பெயரை அவ்வப்போது மாற்றியும் அருளுகின்ற மகாசபையார் சமூகத்துக்கு, கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுதுபார்த்துப் பிழைக்கும் அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

மகாகனம் பொருந்திய ஐயன்மீர்,

தங்களை நேரில் தரிசிக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியதில்லை. ஆயினும், காலையில் கடையின் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே கையில் ஒரு வயரையோ சார்ஜரையோ பிடித்துக்கொண்டு படியில் காத்திருக்கும் ஜனங்களைக் காணும்போதெல்லாம், இத்தனை பேரையும் என் வாசலுக்கு அனுப்பிவைத்த பரோபகாரிகளை நினைத்து உள்ளம் நெகிழ்ந்திருக்கிறேன். பழுதுபார்ப்பதற்குக் கூலி உண்டு; சந்தேகம் தீர்ப்பதற்குக் கூலி கேட்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஆனாலும் சந்தேகம் கேட்க வந்தவர், சும்மா எழுந்து போவது மரியாதையாக இராது என்று எண்ணி, ஒரு மவுஸோ பென் டிரைவோ வாங்கிக்கொண்டு போகிறார். அந்த வியாபாரத்தில்தான் என் குடும்பம் நடக்கிறது. ஆகையால் தாங்கள் செய்துவரும் உபகாரங்களை எடுத்துச் சொல்லி நன்றி பாராட்டுவதும், அவை குறைவின்றி நீடிக்கவேண்டும் என்று மன்றாடுவதும் என் கடமையாகின்றன.

முதலாவது உபகாரம் யு.எஸ்.பி. என்பதுதான். பிரிண்டருக்கு ஒரு துளை, கீபோர்டுக்கு வேறொரு துளை, மோடத்துக்கு மற்றொன்று என்றிருந்த அவதியை நீக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்று 1996-ஆம் ஆண்டில் ஏற்பாடு செய்தார்கள். அந்த ஏற்பாடு அப்படியே நிலைத்திருந்தால் என்னைப் போன்றவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணவே நடுக்கமாயிருக்கிறது. நல்லவேளையாகச் சபையாரின் தீர்க்கதரிசனம் எங்களைக் காப்பாற்றியது. விநாடிக்கு 12 மெகாபிட் செல்வதற்கு 'ஃபுல் ஸ்பீட்' என்று முதலில் பெயரிட்டுவிட்டபடியால், 2000-ஆம் ஆண்டில் அதைப்போல் 40 மடங்கு விரைவான 480 மெகாபிட் வந்தபோது அதை 'ஹை ஸ்பீட்' என்று அழைக்கவேண்டியதாயிற்று. பூரணமான வேகத்துக்கு மேலும் ஒரு வேகம் உண்டு, அது நாற்பது மடங்கு பெரியது என்பதை வேதாந்திகளே ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். என் கடைக்கு வரும் வாடிக்கையாளரோ அதை ஒப்புக்கொண்டே வயர் வாங்கவேண்டியிருக்கிறது.

இதனோடு திருப்தியடையாமல், விநாடிக்கு 5 கிகாபிட் செல்லும் 3.0 என்ற தரத்தை 2008-இல் வெளியிட்டு, 2013-இல் அதையே '3.1 ஜென் 1' ஆக்கி, 2017-இல் மறுபடியும் '3.2 ஜென் 1' ஆக்கினார்கள். குழந்தை ஓர் அங்குலமும் வளரவில்லை. நாமகரணம் மட்டும் மும்முறை விமரிசையாக நடந்தேறியது. சென்ற மாதம் கல்லூரி மாணவன் ஒருவன் வந்து, "அண்ணே, என்கிட்டே இருக்கிறது 3.0. இந்தப் பெட்டியிலே 3.2 ஜென் 1-ன்னு போட்டிருக்கு. இது எவ்வளவு வேகம் ஜாஸ்தி?" என்று கேட்டான். "ஒன்றும் ஜாஸ்தி இல்லை தம்பி, இரண்டும் ஒன்றுதான்" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எதிர்க்கடைக்குப் போய், பெரிய எண் போட்ட பெட்டியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு, நான் பார்க்கும்படியாகவே அதை வண்டியில் மாட்டிக்கொண்டு போனான். தங்கள் காரியங்களை உள்ளபடி எடுத்துச் சொல்கிறவன் பொய்யன் ஆகிவிடுகிறான் என்றால், அந்தக் காரியங்களின் மகிமையை என்னவென்று புகழ்வது!

2014-இல் வந்த 'டைப்-சி' முனையைப் பற்றித் தனியாகவே ஒரு ஸ்தோத்திரம் பாடலாம். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் ஏறிக்கொள்ளும் அந்த முனையைக் கண்டு, இனிமேல் கேள்வியே எழாது என்று நான் சோர்ந்துபோயிருந்தேன். ஆனால் முகம் ஒன்றாகவும் அகம் வேறாகவும் இருக்கும்படி சபையார் அதை அமைத்திருந்தார்கள். ஒரு வயரில் 480 மெகாபிட்தான் போகும். அதே தோற்றமுள்ள இன்னொன்றில் 40 கிகாபிட் போகும். ஒன்று 60 வாட் மின்சாரத்தோடு நின்றுகொள்ளும். இன்னொன்று 240 வாட்வரை தாங்கும். தையல்கடை அம்மாள் ஒருவர் மகளுடைய லேப்டாப்பின் வயரையும் தம்முடைய கைப்பேசியின் வயரையும் என் மேஜைமேல் இணையாக வைத்து, "இரண்டும் அச்சில் வார்த்தாற்போல இருக்கே தம்பி, இது மட்டும் ஏன் லேப்டாப்புக்குச் சரியாக ஏற்ற மாட்டேன் என்கிறது?" என்று கேட்டார்கள். முனையில் எழுத்து இல்லை. உறையில் குறி இல்லை. எல்லா வயரும் கறுப்பு. கூடுதல் மின்சாரம் தாங்கும் வயரின் முனைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு சில்லு உட்கார்ந்துகொண்டு தன் தகுதியைச் சார்ஜரிடம் ரகசியமாகச் சொல்லும் என்பதை நான் விளக்கினேன். "சார்ஜர்கிட்டே சொல்றதை வாங்கினவகிட்டே சொல்லக் கூடாதா?" என்றார்கள் அந்த அம்மாள். சபையாரைப் பற்றி அவதூறாகப் பேசலாகாது என்று கண்டித்து அனுப்பினேன்.

கணித சாஸ்திரத்துக்குத் தாங்கள் செய்த தொண்டும் சாமானியமானதல்ல. எங்கள் ஊர்ப் பாங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் வாங்கிப்போய், விண்டோஸ் கணினியில் செருகிப் பார்த்து, திரையில் 931 ஜி.பி. என்று கண்டு, மிச்சம் எங்கே என்று என்னிடம் கணக்குக் கேட்டார். ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி லட்சம் கோடி பைட் என்று பெட்டியில் எழுதுகிறார்கள் என்றும், திரையில் காட்டுகிறவர்கள் அதையே மூன்று தடவை 1024-ஆல் வகுத்து 931 என்று காட்டுகிறார்கள் என்றும், ஒரு பைட்கூடக் களவு போகவில்லை என்றும் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். இரண்டு கணக்குக்கும் தனித்தனிப் பெயர் 1998-லேயே சர்வதேச அளவில் வகுத்தாயிற்று என்றும், அந்தப் பெயரை வழங்குவதற்குத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை என்றும் சொன்னேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வாங்கும்போது ஒரு படி, அளக்கும்போது வேறு படியா? பாங்கியிலே நான் இப்படி வரவு எழுதியிருந்தால் பென்ஷன் வந்திருக்குமா அப்பா?" என்றார். அவரே அடுத்த வாரம், நூறு மெகாபிட் இணைப்பில் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் இறங்குகிறது என்ற புகாருடன் வந்தபோது, பிட்டுக்குச் சின்ன 'பி', பைட்டுக்குப் பெரிய 'பி', எட்டுச் சின்னது சேர்ந்தால் ஒரு பெரியது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் சிகரமாக விளங்குவது, அணைக்கும் பொத்தான். பத்திர ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், கம்ப்யூட்டர் நாளுக்கு நாள் மந்தமாகிறது என்று சொல்லி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ராத்திரி தவறாமல் ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் சார் படுக்கிறேன்" என்று சத்தியம் செய்தார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன். அது பதினொரு நாளாக ஓய்வின்றி ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லிற்று. மனிதர் முகம் வெளுத்துவிட்டது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 தொடங்கி, சீக்கிரம் விழித்துக்கொள்வதற்காக, அணைக்கும்போது இயங்குதளத்தின் கருவை அப்படியே வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்து விரித்துக்கொள்ளும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற ஏற்பாடு பெரும்பாலும் தானாகவே நடப்பில் இருப்பதால், அணைத்தால் அது முழுவதும் அணையாது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் பூரணமாக அணைந்து எழும். ரீஸ்டார்ட் கொடுத்தேன்; மந்தம் போயிற்று. 'அணைத்துப் போட்டுப் பாருங்கள்' என்னும் எங்கள் குலத்தொழிலின் மூலமந்திரத்தையே, சொன்னபடி செய்கிறவனுக்குப் பலிக்காமல் போகும்படி மாற்றியமைத்த சாமர்த்தியத்தை நான் வணங்குகிறேன்.

இப்படியெல்லாம் எங்களை வாழவைத்த சபையார், சமீப காலமாகச் சற்றே மனம் தளர்ந்துவருவதாகக் கேள்விப்படுவதுதான் இந்த விண்ணப்பத்துக்குக் காரணம். 2022-ஆம் ஆண்டில், வயரின் பெட்டிமேல் இத்தனை கிகாபிட், இத்தனை வாட் என்று பச்சையாக எண்ணையே போட்டுவிடலாம் என்று தீர்மானித்தீர்களாமே! ஐரோப்பிய ஒன்றியத்தார் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசிகளுக்கெல்லாம் டைப்-சி முனையே இருக்கவேண்டும் என்று சட்டம் அமல்படுத்தியபோதே எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. கடையில் தொங்கும் வயர்களில் முக்கால்வாசியில் இன்னும் ஓர் எண்ணும் காணோம் என்பதே இப்போதைக்கு என் ஆறுதல். தெளிவு என்னும் இந்த விபரீதத்தை மேலும் பரவவிடவேண்டாம் என்றும், முடிந்தால் மழைக்காலத்துக்குள் 3.0-க்கு நான்காவது பெயர் ஒன்றை அருளவேண்டும் என்றும் சாஷ்டாங்கமாக வேண்டிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. தங்கள் சாதனைகளில் எதை மிகப் பெரியது என்று கருதுகிறேன் என்றால், பெயர்களையும் அல்ல, எண்களையும் அல்ல. கேள்வி கேட்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் முதல் வாக்கியமாக மன்னிப்புக் கேட்கிறார்களே, அதைத்தான். "எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி", "நான் பழைய காலத்து ஆள்", "நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போல" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். முப்பது வருஷம் பாங்கிக் கணக்கைச் சல்லிக்காசு பிசகாமல் பார்த்தவரும், அளவு நாடாவைத் தொடாமலே கண்ணால் அளந்து துணி வெட்டுகிறவரும், அப்படித்தான் தொடங்கினார்கள். குழப்பம் விளைவித்தவர் வெட்கப்படாமல், குழம்பினவர் வெட்கப்படும்படி ஓர் உலகத்தையே பழக்கிவைத்திருக்கிறீர்கள். நம் இரு சாராரின் பிழைப்பும் அந்த வெட்கத்தின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் தையல்கடை அம்மாளின் போக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. சென்ற வாரம் வந்தவர்கள், "எனக்குத் தெரியாது" என்று தொடங்காமல், "இதை ஏன் இப்படிச் செஞ்சு வச்சிருக்காங்க?" என்று தொடங்கினார்கள். எதை எங்கே செருகுவது என்று கேட்டால் நான் பதில் சொல்வேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. இன்னும் நாலு பேர் அதையே கேட்டார்களானால், தங்கள் விலாசத்தை எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தயவால் கடை நடத்திவரும்,
ஒரு பழுதுபார்ப்பவன்