அரை மெக்கானிக்

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது பழமொழி. அது பேர் இல்லை, வேர். ஆயிரம் வேரைப் பிடுங்கிப் பார்த்தவன்தான் பாதி வைத்தியனாகவாவது ஆவான் என்று திருத்துவோரும் உண்டு. மோட்டார் சைக்கிள் விஷயத்தில் இந்தத் தகராறே வராது. ஆயிரம் நட்டைக் கழற்றிக் கற்றவரும் ஆயிரம் நட்டின் முனையை மழுக்கித் தீர்த்தவரும் ஒரே ஆள்தான். கள்ளக்குறிச்சியில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பிழைப்பு வேறு எங்கோ இருக்கும்: பள்ளிக்கூடம், அரிசி ஆலை, மின்வாரியம், கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலியை மடித்துக் கட்டி, வாசலில் பழைய யூரியா சாக்கை விரித்தால் அந்த இடம் பட்டறையாகிவிடும். கடைவீதியில் போர்டு மாட்டியிருக்கும் முழு மெக்கானிக்கிடமிருந்து இவரைப் பிரித்தறிவது எளிது. முழு மெக்கானிக் டூலை எடுப்பார்; இவர் டூலைச் செய்வார். செய்து முடிப்பதற்குள் பெரும்பாலும் இருட்டிவிடும். வண்டி அடுத்த ஞாயிறு வரை சாக்கின் மேலேயே கிடக்கும்.

இவருக்குத் தெரு வைத்திருக்கும் பெயர் கஞ்சன். கடையில் விற்கும் சாமானை நூறு இருநூறுக்குக் கணக்குப் பார்த்து வீட்டில் செய்கிறார் என்பது குற்றச்சாட்டு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. மேக்னட் புல்லரை எடுத்துக்கொள்வோம். கிராங்க் முனையில் இறுகக் கவ்வியிருக்கும் மேக்னட்டை வெளியே இழுக்கும் சாமான் அது. வெளியே ஒரு மரை, நடுவில் ஒரு போல்ட், அவ்வளவுதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு மட்டன் பிரியாணி விலைக்குக் கிடைக்கும். இவர் அதற்காகக் காயலான் கடைக்குப் போய் இரும்புத் துண்டை எடை போட்டு வாங்குவார். லேத் பட்டறைக்குப் போவார். அங்கே கரும்பு டிராக்டரின் அச்சு முதலில், இவர் சாமான் பிறகு. மாலையில் வந்து மாட்டிப் பார்த்தால் மரையின் நெருக்கம் கால் மில்லிமீட்டர் வித்தியாசம். மறுபடி லேத். இரண்டாவதில் மரை சரியாக இருக்கும், உயரம் போதாது. மூன்றாவது வேலை செய்யும். இரும்பு, கூலி, பெட்ரோல், லேத்துக்காரருக்கும் அவர் உதவியாளருக்கும் டீ எல்லாம் சேர்த்தால் நாலு புல்லர் வாங்கியிருக்கலாம். கஞ்சன் இப்படிச் செலவழிப்பானா? போதாக்குறைக்கு, தப்பாகப் போன முதல் இரண்டையும் அவர் தூக்கிப் போடுவதில்லை. வேறு ஏதாவது வண்டிக்குப் பொருந்தும் என்று பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்துகிறார்.

பணத்துக்காக இல்லை என்றால் எதற்காக? என் கட்சி இதுதான்: அரை மெக்கானிக் டூல் செய்வது வண்டியைப் பழுதுபார்ப்பதற்காக இல்லை, வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. வாங்கிய டூலைப் புரியாமலும் பயன்படுத்திவிடலாம். புரியாமல் ஒரு டூலைச் செய்ய முடியாது. ஸ்பிளெண்டர் மாதிரி வண்டியில் கிளட்ச் நட்டைக் கழற்றப் போனால் நட்டோடு சேர்ந்து எல்லாமே சுற்றும். எது எதோடு சேர்ந்து சுற்றுகிறது, எது தனியாகச் சுற்றுகிறது என்று உட்கார்ந்து யோசித்தவருக்குத்தான், வெளிக்கூட்டில் பல் மாட்டும் ஒரு தேய்ந்த கிளட்ச் பிளேட்டையும் உள்நடுவில் பல் மாட்டும் ஒரு ஸ்டீல் பிளேட்டையும் சேர்த்து வெல்டிங் வைத்து, ஒரு கம்பியைப் பிடியாக ஒட்டினால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் என்று தோன்றும். கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று பாலிடெக்னிக்கில் படம் போட்டுக் கற்றவர்கள் பலர் பரீட்சை எழுதிய மறுவாரமே மறந்திருப்பார்கள். இந்தப் பிளேட்டைச் செய்தவருக்கு மறக்காது. வெல்டிங் பொறி பட்ட வடு புறங்கையிலேயே இருக்கிறது.

அளவுக் கருவிகளில் இவருடைய மேதைமை இன்னும் துலங்கும். இரண்டு பக்கமும் கூருள்ள சவர பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர். கையால் இழுக்கும் ஹேக்சா பிளேடின் கனம் ஏறத்தாழ 0.63. இந்த இரண்டு எண்ணும் தெரிந்தால் பாதி வண்டியை அளந்துவிடலாம். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி பல வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 வரை, ஒடிந்த ஹேக்சா துண்டு சற்றே உரசி நுழைந்தால் சரி. பழைய புல்லட்டில் பாயின்ட் திறக்க வேண்டியது 0.35 முதல் 0.40 வரை, நாலு சவர பிளேடை அடுக்கினால் மேல் வரம்பு, ஒன்றை உருவினால் கொஞ்சம் குறைவு. அந்தப் பாயின்ட் எந்தக் கணத்தில் திறக்கிறது என்று பார்க்க சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளை நடுவில் கவ்வவிட்டு, இன்ஜினை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இழுத்துப் பார்ப்பார்கள். தாள் விடுபடும் நொடிதான் பொறி பறக்கும் நொடி. ஃபீலர் கேஜ் என்று ஒன்று கடையில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் பிளேடுக்கும் கனம் உண்டு, அது எப்போதும் ஒன்றே என்ற செய்தி ஃபீலர் கேஜ் வாங்கியவருக்குக் கடைசிவரை தெரியாது. சவரம் செய்யும்போதும் பாயின்ட்டை நினைக்கும் பாக்கியம் இவருக்கு மட்டுமே வாய்த்தது.

நகரத்தில் இது விளையாட்டு, மலையில்தான் இது தேவை என்று ஒரு மறுப்பு வரும். அதில் பாதி நியாயம் இருக்கிறது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த பூமி. சாலை வந்தது அதற்கப்புறம், மோட்டார் வண்டி சாலைக்கப்புறம், மெக்கானிக் அதற்கும் அப்புறம். கோமுகி அணையைத் தாண்டி வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில், கடுக்காயும் புளியும் மூட்டை கட்டிய ஒரு டி.வி.எஸ். எக்ஸ்எல் நின்றுவிட்டால் ஸ்பெஷல் டூலுக்குக் கள்ளக்குறிச்சிதான் கதி. அங்கே கையில் இருப்பதே கருவி. பிஸ்டன் நகராமல் நிறுத்த வேண்டுமென்றால் நம் வாசல் மெக்கானிக் ஒரு செத்த ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதற்குள் ஒரு போல்ட்டை முறுக்கி, பிஸ்டன் தலையில் முட்டும்படி செய்வார். பார்க்க அழகாக இருக்கும். மலைப்பாதையில் ஒரு முழம் நைலான் கயிறு போதும். பிளக் ஓட்டை வழியாகச் சுருள் சுருளாக உள்ளே விட்டால் பிஸ்டன் கயிற்றை அமுக்கிக்கொண்டு தானே நிற்கும். இங்கே நகரம் தோற்கிறது என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். போல்ட் ஒரே புள்ளியில் அழுத்துவதால் அலுமினியப் பிஸ்டனில் குழி விழலாம்; கயிறு அழுத்தத்தைத் தலை முழுதும் பரப்பிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லில் பிஸ்டன் மேலேறிப் புகைத் துளையை மூடிய பிறகே கயிற்றை விட வேண்டும், இல்லையேல் கயிறு துளைக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும். கயிறு ஆட்டினுடையதாக இருந்தால் வேலை முடியும் வரை ஆட்டை யாராவது பிடித்துக்கொள்ளவும் வேண்டும்.

ஆக, தேவையும் விளையாட்டும் எதிரெதிர் என்ற எண்ணமே தவறு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு தச்சர் தன் கைக்குத் தோதாக உளியின் முனையைத் தீட்டி மாற்றிக்கொண்டால் அதைக் கலை மரபு என்கிறோம். அதே ஊரில் ஒருவர், சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கி வந்து முனையைச் சாய்த்துத் தீட்டி டயர் லீவர் செய்தால் மரை கழன்றவர் என்கிறோம். இரண்டு பேரும் செய்வது ஒரே வேலை. இரண்டாமவருக்கு மாலை போட ஆளில்லை, அதுவே வித்தியாசம்.

அடுத்த மறுப்பு கம்பெனிக்காரர்களுடையது. எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளவு இருக்கிறது, வீட்டு டூலில் அதெல்லாம் எங்கே என்பார்கள். அரை மெக்கானிக் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்: சந்தையில் புளி நிறுக்கும் கொக்கித் தராசு. ஸ்பேனரின் கைப்பிடியில், நட்டின் நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கோடு போட்டு, அங்கே தராசை மாட்டி, செங்கோணமாக இழுக்க வேண்டும். முள் 8 கிலோ காட்டினால் இறுக்கம் 2 கிலோகிராம்-மீட்டர். கணக்கில் பிழையே கிடையாது. அவர் இதைச் சுருக்கி "ரெண்டு கிலோமீட்டருக்கு இறுக்கியாச்சு" என்று சொல்லும்போதுதான் வண்டிக்காரருக்கு வயிற்றைக் கலக்கும்; வண்டி அவ்வளவு தூரம்தான் ஓடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

ஆபத்து என்ற மறுப்புக்கு மட்டும் நான் கை தூக்கிவிடுகிறேன். வெல்டிங் வைத்த டி ஸ்பேனர் ஒட்டு விட்டால் கணு எலும்பு சிலிண்டரின் மேல் போய் மோதும். அது அவருடைய கை, அவர் பாடு. புல்லர் கிடைக்காத அவசரத்தில் கிராங்க் முனையைச் சுத்தியலால் தட்டினால் போவது இன்ஜின். அதுவும் அவருடைய பணம். ஆனால் பிரேக் கேபிளின் முனையில் ஈயத்தை உருக்கி ஊற்றித் தானே நிப்பிள் செய்கிறாரே, அங்கே என் வாதம் முழுதும் கவிழ்கிறது. ஓட வைக்கும் பாகங்களில் என்ன ஆராய்ச்சியும் செய்யட்டும். நிறுத்தும் பாகங்களைக் கடையில் வாங்கட்டும். வெள்ளிமலையிலிருந்து இறங்குபவருக்கு எதிரில் வருபவர் இவருடைய ஆராய்ச்சியில் பங்கெடுக்கச் சம்மதித்தவர் இல்லையே.

வீட்டின் மறுப்பு தனி ரகம்; அதற்குத் தர்க்கத்தால் பதில் சொல்ல முடியாது. பேரிங்கை இருப்பிடத்தில் இறக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். எனவே இன்ஜினின் அலுமினியக் கூட்டைச் சூடாக்கி, எஃகு பேரிங்கைக் குளிரவைத்தால் சுத்தியலே வேண்டாம், பேரிங் தானாக வழுக்கிப் போய் உட்காரும். இது சரியான இயற்பியல். குளிருக்கு ஃப்ரீசர் இருக்கிறது. சூடு எல்லாப் பக்கமும் ஒரே சீராக, 100 டிகிரிக்கு மேல் போகாமல் வேண்டும். தமிழர் வீட்டில் இதற்கென்றே படைக்கப்பட்ட பாத்திரம் இட்லிப் பானை. "ஏங்க, பானையில என்னமோ கிரீஸ் வாடை வருதே" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்போது, நீராவியின் வெப்பநிலை மாறாதது என்று விளக்கத் தொடங்குபவர் கணவரில்லை, விஞ்ஞானி. உலகம் விஞ்ஞானிகளை நடத்திய விதம் நமக்குத் தெரியும். இந்த மாதிரி வேளைகளில் அவர் துணைக்கு இழுப்பது ஜி.டி. நாயுடுவை. கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பார்த்துத்தான் அந்த மனிதர் இன்ஜினைக் கற்றார் என்பது உண்மையே. நாயுடு அதைத் திரும்பவும் மாட்டினார் என்ற பகுதியை மனைவிமார் மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, காலம் மாறிவிட்டது என்பார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வந்தது, கார்புரேட்டர் போய், பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சுகிறது, எக்ஸ்எல்லில்கூட அதுதான். ஜெட்டில் அடைப்பெடுக்கச் செம்புக் கம்பி ஒன்றும், கேட்டு நோய் அறிய காதில் வைக்கும் நீள ஸ்குரூ டிரைவர் ஒன்றும் வைத்திருந்தவருக்கு இனி என்ன வேலை? சர்வீஸ் சென்டரில் சேர்ந்திருக்கும் அக்கா மகன் இதைத்தான் சொல்கிறான்: "மாமா, இதுக்கெல்லாம் ஸ்கேனர் மாட்டணும். நீங்க தொடாதீங்க." மாமா தொடவில்லை. இரண்டு வாரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதற்குள், சில ஹோண்டா வண்டிகளில் சீட்டுக்கடியில் இருக்கும் ஒரு கனெக்டரில் குறிப்பிட்ட இரண்டு பின்னை இணைத்துவிட்டுச் சாவியைப் போட்டால், மீட்டரில் இருக்கும் இன்ஜின் விளக்கே கோளாறின் எண்ணைக் கண்சிமிட்டிச் சொல்லும் என்று கண்டுபிடித்துவிட்டார். நீளமாக மின்னினால் பத்து, சட்டென்று மின்னினால் ஒன்று. இணைப்பதற்குக் கம்பெனி ஒரு ஸ்பெஷல் டூல் வைத்திருக்கிறது. இவர் இப்போது யூரியா சாக்கில் குந்தி, விரல் விட்டு மின்னலை எண்ணிக்கொண்டிருக்கிறார். முந்தானையில் குத்தும் ஊக்கு ஒன்றைக் காணோம் என்று உள்ளே இன்னும் தேட ஆரம்பிக்கவில்லை.