என் டாலரைக் காக்கும் கிளைக்கு

மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,

கரூரில் மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் தைத்து ஏற்றுமதி செய்யும் சிறு வியாபாரி எழுதுவது. எனக்கு வரும் டாலரை நான் கண்ணால்கூடப் பார்த்துவிடாதபடி தங்கள் கிளை காத்துவருகிறது. அதற்கு நன்றி சொல்லவே இக்கடிதம்.

ஏற்றுமதியில் வரும் அந்நியச் செலாவணியை ரூபாயாக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளும் இஇஎஃப்சி கணக்கு வேண்டும் என்றதும் தங்கள் அலுவலர், "அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு சார்" என்றார். ரிசர்வ் வங்கி விதியில் பெரிசு சிறிசு என்ற பேச்சே இல்லை. ஏற்றுமதி செய்கிற எவரும் வந்த டாலரை 100 சதவீதமும் அதில் வைக்கலாம். ஆனால் ரிசர்வ் வங்கி இருப்பது மும்பையில். நான் வந்து நிற்க வேண்டியது தங்கள் கவுன்டரில்.

ஏற்றுமதிக்கான ஐஇசி சான்றிதழின் ஒரிஜினலைக் கேட்டார். அது ஆன்லைனில் வருவது, செல்போனைக் காட்டினேன். பிரிண்ட் எடுத்து வரச் சொன்னார். பிறகு அந்தப் பிரிண்டுக்கு ஒரு ஜெராக்ஸ். இரண்டையும் அருகருகே வைத்து, வரிவரியாக விரலை ஓட்டி, ஜெராக்ஸின் மேல் 'அசலுடன் சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். மை காய ஊதவும் செய்தார். மனிதர் நல்லவர், அதில் சந்தேகமில்லை.

இத்தனைக்கும் அது பரம சாதுவான கணக்கு. வட்டி கிடையாது. 2012 ஜூலையில் வந்த விதிப்படி, இந்த மாதம் வந்த டாலரில் செலவு போக மிஞ்சியதை அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக்கிவிட வேண்டும். பதுக்க நினைப்பவன் இந்தப் பக்கமே வரமாட்டான். வெளிநாட்டு ஏஜெண்டுக்குக் கமிஷன் அனுப்பும் வரை, சீனாவிலிருந்து வரும் லேஸுக்குப் பணம் கட்டும் வரை, டாலர் டாலராகவே இருந்தால் எனக்குப் போதும்.

இப்போது நடப்பதைத் தாங்கள் அறியாததல்ல. திங்கட்கிழமை என் டாலரை வாங்கும் விலைக்கு எடுத்துக்கொள்கிறீர்கள். வியாழக்கிழமை விற்கும் விலைக்கு எனக்கே டாலர் விற்கிறீர்கள். நடுவே 1 ரூபாய் வித்தியாசம் என்று வைத்தாலும் 5,000 டாலருக்கு 5,000 ரூபாய் ஆயிற்று. போகும்போதும் வரும்போதும் ஜிஎஸ்டி தனி. இப்படியிருக்க, கணக்குத் திறக்க ஏன் இவ்வளவு தாமதம் என்று எங்கள் ஆடிட்டர் கேட்கிறார். படித்தவர், இருந்தும் இது புரியவில்லை.

விண்ணப்பம் தலைமை அலுவலகத்தில் இருப்பதாகத் தாங்கள் சொல்கிறீர்கள். அவர்களோ கோவை ஃபாரெக்ஸ் கிளைக்கு அனுப்பிவிட்டார்களாம். கோவைக்குப் போன் செய்தால், சொந்தக் கிளையில் விசாரிக்கச் சொல்கிறார்கள். என் துண்டுகள்கூட இவ்வளவு ஊர் சுற்றாமல் ஹாம்பர்க் போய்ச் சேர்ந்துவிட்டன.

அந்தச் சரக்குக்கான பணம் அடுத்த வாரம் யூரோவில் வருகிறது. நான் விண்ணப்பித்ததோ டாலர் கணக்குக்கு. யூரோவுக்குத் தனி விண்ணப்பம் என்றால் அந்தப் படிவத்தையும் இந்தக் கடிதம் கொண்டுவரும் பையனிடமே கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் நடப்புக் கணக்கு வாடிக்கையாளர்