தலையில் ஏறினால் பதவி

2010-இல் நியூசிலாந்து அரசு ஒரு கிளிக்குப் பதவி கொடுத்தது. கிண்டல் இல்லை. சிராக்கோ என்ற காகாபோ கிளிதான் இயற்கைப் பாதுகாப்புக்கு அதிகாரபூர்வ செய்தித் தொடர்பாளர். அறிவித்தவர் பிரதமர் ஜான் கீ. அதற்குச் சில மாதம் முன்புதான் பிபிசி கேமரா ஓட ஓட ஒரு விலங்கியலாளரின் தலையில் ஏறி இணைசேர முயன்று உலகப் புகழ் பெற்றிருந்தது அந்தக் கிளி. அடுத்தவன் தலையில் ஏறியவருக்குப் பதவி தேடி வருவது நமக்குப் புதிதா என்ன?

பொன்னாடை போர்த்திய கையை மட்டும் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள். ஸ்டோட் வாடை அடிக்கும்.

ஸ்டோட் என்பது கீரி போல ஒல்லியான ஊனுண்ணி. அது தானாக நியூசிலாந்துக்கு வரவில்லை. டிக்கெட் எடுத்துக் கூட்டி வந்தார்கள். குடியேறிய வெள்ளைக்காரர்கள் தின்னவும் சுடவும் முயலைக் கொண்டுவந்து விட்டார்கள். 1870-களில் முயல் பெருகி ஆட்டுப் பண்ணைகளை மொட்டையடித்தது. பண்ணையார்கள் கூச்சல் போட்டார்கள். அரசு கண்ட மருந்து, இங்கிலாந்திலிருந்து ஸ்டோட், வீசல், ஃபெரட் இறக்குமதி. பறக்காத பறவைகள் வாழும் மண்ணில் இதுகளை விடாதீர்கள் என்று வால்டர் புல்லர் போன்ற பறவையியலாளர்கள் தலையால் அடித்துக்கொண்டார்கள். கம்பளி ஏற்றுமதியின் முன் பறவை ஆராய்ச்சி எம்மாத்திரம்? 1880-களில் ஸ்டோட்டுகள் வந்து இறங்கின. முயலின் எதிரிகளைக் கொல்லக் கூடாது என்று சட்டமும் வந்தது. அந்தப் பாதுகாப்பு முழுதாக நீங்கியது 1936-இல். கொலைகாரனுக்கு அரை நூற்றாண்டு அரசுக் காவல்.

செத்தது யார்? காகாபோ 4 கிலோ வரை எடை வரும் கிளி. பறக்காது. தரையில் கூடு. ஆபத்து என்றால் அப்படியே உறைந்து நிற்கும். வானத்திலிருந்து பாயும் கழுகின் கண்ணை ஏமாற்ற அது போதும். ஸ்டோட் வேட்டையாடுவது மூக்கால். காகாபோவின் உடம்போ இனிப்பாக மணக்கும். இலை போட்டுப் பரிமாறிய விருந்து.

பிறகு அரசுக்கு மனசாட்சி விழித்தது. ரெசல்யூஷன் தீவைச் சரணாலயமாக ஒதுக்கியது. 1894-இல் ரிச்சர்ட் ஹென்றி என்பவரைக் காவலராக அனுப்பியது. இறக்குமதிக்குக் கப்பல், மீட்புக்குத் துடுப்புப் படகு. வாய்ப்பூட்டுப் போட்ட நாயை வைத்துக்கொண்டு, மழை ஓயாத காட்டில் காகாபோவையும் கிவியையும் தேடிப் பிடித்து, நூற்றுக்கணக்கில் தீவுக்குக் கொண்டு சேர்த்தார் அந்த மனிதர். 1900-இல் தீவில் ஸ்டோட் தென்பட்டது. அதற்கு நீந்தத் தெரியும். இறக்குமதி செய்த மேதைகள் அதைக் கேட்டுக்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஆறு ஆண்டு உழைப்பு கடலில் கரைத்த பெருங்காயம்.

அதே 1894-இல் ஸ்டீவன்ஸ் தீவில் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. ஊழியர்களோடு பூனையும் போனது. பறக்காத ஒரு சின்னஞ்சிறு பறவை அந்தத் தீவில் இருப்பதை உலகம் அறிந்ததே, பூனை கவ்விக்கொண்டு வந்த பிணங்களால்தான். உடனே காப்பாற்றினார்களா? பாடம் செய்து சேகரிப்பாளர்களுக்கு விற்றார்கள். அறிவியல் அதற்குப் பெயர் சூட்டி முடிப்பதற்குள் பறவையின் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. கப்பலுக்கு வழிகாட்டிய விளக்கு. அதன் அடியில் இருட்டு.

1995-இல் எண்ணிப் பார்த்தபோது காகாபோ மொத்தம் 51. ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம். அதற்குப் பிறகுதான் பூனையும் எலியும் ஒழித்த தீவுகளில் வைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ரேடியோ கட்டி, கூடு கூடாகக் காவல் இருந்து, 2022-இல் 250-ஐத் தொட வைத்தார்கள். தூக்கம் தொலைத்த அந்த வனப் பணியாளர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டவர்களையும் அதே மேடையில் உட்கார வைத்து மாலை போடுவதுதான் பொறுக்கவில்லை.

ஏனென்றால் மேடை ஓயவில்லை. 2016 ஜூலையில் அதே ஜான் கீ முழங்கினார்: 2050-க்குள் நாட்டில் எலி, ஸ்டோட், போஸம் ஒன்றுகூட இருக்காது. காலக்கெடு 34 ஆண்டு. முழங்கியவர் அந்த டிசம்பரிலேயே பதவியை விட்டுப் போய்விட்டார். 2050-இல் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அந்த இலக்குக்காகவே தொடங்கிய அரசு நிறுவனத்தை 2025 பட்ஜெட்டில் இழுத்து மூடினார்கள். சிக்கனமாம். இலக்கு அப்படியே இருக்கிறதாம். சமையல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பந்திக்கு அழைக்கிறார்கள்.

சிக்கனம் ஸ்டோட்டுக்குத் தெரியாது. கண் திறக்காத குட்டியாகக் கூட்டில் கிடக்கும்போதே பெண் ஸ்டோட் சினைப்பட்டுவிடும். ஒன்றே ஒன்று நீந்திக் கரையேறினால் போதும், ஒரு தீவின் கதை முடியும். காகாபோ அப்படியா? ரிமு மரம் அமோகமாகக் காய்க்கும் பருவத்துக்குக் காத்திருந்து, இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் முட்டையிடும். நாடாளுமன்றத் தேர்தலோ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் காய்க்கிறது. பறவைக்குப் பதவி கொடுக்க அரசுக்கு மனம் வந்தது. ஓட்டு மட்டும் இல்லை. இருந்திருந்தால் ஹென்றிக்கு இரண்டாவது படகாவது கிடைத்திருக்கும்.