எழுபத்தாறுகளோடு ஒரு யுத்தம்

என்னிடம் ராணி இருந்தது, இரண்டு யானைகள் இருந்தன. எதிராளியிடம் ராஜாவும் ஓரத்தில் பம்மிக்கொண்டிருந்த ஒரு சிப்பாயும்தான். எனக்கு நேரம் தீர்ந்தது, அவர் ஜெயித்தார். அந்தச் சிப்பாய் மட்டும் இல்லையென்றால் ஆட்டம் டிரா. இருக்கிறதே! என்றாவது அது ராணியாகி எனக்கு மேட் வைக்கக்கூடுமாம். என்றாவது! அதற்குள் எங்கள் இளையராஜா ரசிகர் குழுவில் 'வெல் பிளேய்ட் சார்' என்று வேறு போடுகிறார். யார் அந்த மகானுபாவர் என்று பார்த்தால், ராகதேவன்76.

சனிக்கிழமை இரவு 9 மணிக்கு லீசெஸ் தளத்தில் குழு நடத்தும் செஸ் அரீனாவை உருப்படியாக்க என்னிடம் அருமையான யோசனை ஒன்று இருக்கிறது. அதற்குமுன் இந்தப் பெயர் விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

'அன்னக்கிளி' 1976இல் வந்தது. ராஜா ரசிகன் என்றால் அது தெரியும். தெரிந்தால் போதாதா, பெயருக்குப் பின்னால் ஒட்டித்தான் ஆகவேண்டுமா? இசைஞானி76, பண்ணைப்புரம்76, ஆர்மோனியம்76. வேண்டிய பெயரை ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டதால் ராகதேவன்1976. அதுவும் போனதால் ராகதேவன்7676. இவர்களுக்கு நடுவே ஓர் அப்பாவி, 76 தன் பிறந்த வருஷம் என்கிறார். ஒருவரும் நம்புவதில்லை.

குழப்பம் தீர, படத்துக்குப் படம் மாறிக்கொள்ளலாம் என்றார்கள். தளபதி91 வந்தார். 'இது வேறு தளபதி ரசிகர் மன்றத்து ஆள்' என்று விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். பாவம், 'ரஜினி படம்ங்க, மணிரத்னம்ங்க' என்று சத்தியம் செய்து உள்ளே வந்தார். பிறகு வருஷத்தை விட்டு, ராஜாவுக்கு எத்தனையாவது படம் என்ற படக்கணக்குக்குத் தாவினார்கள். நாயகன்400, அஞ்சலி500. தாரைதப்பட்டை1000 வந்தபோதுதான் வினை. ஆயிரம் என்பது படக்கணக்கு. அதை ரேட்டிங் என்று எடுத்துக்கொண்ட பெருந்தலைகள் இளக்காரமாக ஆடி, வரிசையாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, அன்று மட்டும் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

பெயர்தான் இப்படியென்றால் ஆட்டம் அதைவிட. ஜெயித்தால் 2 புள்ளி. தொடர்ந்து இரண்டு ஜெயித்தால் பெயருக்குப் பக்கத்தில் நெருப்பு, அதற்கப்புறம் ஒவ்வொரு வெற்றிக்கும் இரட்டிப்பு. போதாததற்கு 'பெர்செர்க்' பொத்தான். அழுத்தினால் 3 நிமிடத்தில் பாதி போய்விடும், ஜெயித்தால் ஒரு புள்ளி கூடுதல். மேற்படி ராகதேவன் அதை அழுத்திவிட்டு, ஒன்றரை நிமிடத்தை மட்டும் வைத்துக்கொண்டுதான் எனக்கு எதிரே உட்கார்ந்தார். எதிராளிக்குச் செய்யக்கூடிய மரியாதையா இது? வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமல் சோபாவில் கால் நீட்டுவது மாதிரி இல்லை?

காய் நகர்த்தும்தோறும் 2 விநாடி சேர்த்துக் கொடுங்கள், மனுஷன் மேட் வைத்துவிட்டுப் போகட்டும் என்று அட்மின் அண்ணனிடம் கேட்டேன். 'விறுவிறுப்பு போயிடும் தம்பி' என்றார். பேரன் எடுத்த எனக்கு என்ன விறுவிறுப்பு வேண்டிக்கிடக்கிறது?

இந்தக் குழுவில் ஒரு காலத்தில் பாட்டைப் பற்றியும் பேசியிருக்கிறோம். 2025 மார்ச் 8, லண்டனில் ராஜாவின் முதல் சிம்பொனி அரங்கேறிய நாள், பாழாய்ப்போன சனிக்கிழமை. போட்டியைத் தள்ளிவைப்பார்கள் என்று நம்பினேன். தள்ளிவைக்கவில்லை. லண்டன்காரர் ஒருவர், கச்சேரிக்குக் கிளம்பும்முன் இரண்டு ஆட்டம் என்று வந்து என்னையும் முடித்துவிட்டுப் போனார். அந்த 'வேலியன்ட்' சிம்பொனி எப்படி இருந்தது என்று மறுநாள் கேட்டேன். 'அதை விடுங்க சார், அந்தக் குதிரையை ஏன் பலி கொடுத்தீங்க?' என்கிறார்.

யோசனையைச் சொல்லலாம் என்று பார்த்தால் லிங்க் வந்துவிட்டது. இந்த வாரமும் கூடுதல் விநாடி கிடையாதாம். இந்தச் சனிக்கிழமை பார்த்து மச்சினன் வீட்டில் ரிசப்ஷன். மொய்க் கவரை மனைவியிடம் கொடுத்தாயிற்று.