பூஜ்ஜியம் கமா பூஜ்ஜியம்

1982-இல் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் வந்த பிறகுதான் மனித குலம் நேர்கோடு போடக் கற்றுக்கொண்டது. 0,0 என்று தட்டி, அடுத்து 100,0 என்று தட்டினால் கோடு தயார். @50<90 என்றால், நின்ற இடத்திலிருந்து 50 அலகு செங்குத்தாக மேலே. கையும் வேண்டாம், கண்ணும் வேண்டாம். கமா போடத் தெரிந்தால் போதும்.

பாவம், காஞ்சிபுரம் முந்திக்கொண்டது. ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டிலேயே அவசரப்பட்டுக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிவிட்டான். 1509-இல் கிருஷ்ணதேவராயர் ஏகாம்பரநாதர் ராஜகோபுரத்தை எழுப்பியபோது என்டர் பொத்தான்கூடக் கிடையாது. இரண்டும் இன்னும் நிற்பது அவற்றின் அசட்டுத் துணிச்சல்.

தறி வீடுகளின் நிலை இன்னும் பரிதாபம். கட்டக் காகிதத்தில் மயிலைப் புள்ளி புள்ளியாக எண்ணி, அட்டையில் துளை போட்டு, ஜக்கார்டில் மாட்டிப் பட்டில் இறக்குகிறார்கள். கோர்வைக் கரைக்கு மூன்று நாடா, இரண்டு ஆள். வாசலிலோ பாட்டி 15 புள்ளிக் கோலத்தை அழிரப்பர் இல்லாமலே முடிக்கிறாள். ஒருவரிடமும் சான்றிதழ் இல்லை.

எங்கள் தெருத் தறிக்காரர் மகனிடம் இருக்கிறது. மூன்று மாத ஆட்டோகேட் பயிற்சி. சான்றிதழைச் சட்டமிட்டு, இரண்டு ஆணி அடித்து மாட்டினான். சாய்ந்தது. திருத்தினான். மறுபக்கம் சாய்ந்தது. சுவரில் 0,0 எங்கே என்று தேடிக்கொண்டிருந்தபோது, அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். ஒரு பட்டு இழையை இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார்.

“இங்க அடிடா.”

நேராக நின்றது. அந்த இழைக்கு முறையான உரிமம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.